முதலாளி பெயர்

குளுவாங் பொது மருத்துவமனை,
நல உதவி மேசை, நம்பர் நாற்பத்தொன்று.
சிவபாக்கியம், வயது ஐம்பத்தெட்டு.
வாரம் மூன்று தரம் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும்.
செம்பனை மில்லுக்குப் பின்னால் வாடகை அறை.
மகன் சிங்கப்பூரில்,
அவனும் கொந்த்ராக்தான்.

பாரத்தின் ஏழாவது வரி கேட்கிறது:
முதலாளி பெயர்.

"எந்த முதலாளிய எழுதுவீங்க?"
பத்தொன்பது வருஷம்
இதே நடையைத் துடைத்தவர் கேட்கிறார்.
பச்சைச் சட்டை மூணு வருஷம், ஊதா ரெண்டு,
ஒருத்தன் ரெண்டு மாசச் சம்பளத்தோட ஓடிப்போனான்,
அவன் சட்டை மஞ்சள்.
டெண்டர் மாறும்,
மறுநாள் காலை அதே துடைப்பத்தோடு
அவர் புதிதாய் வேலைக்குச் சேர்ந்திருப்பார்:
முதல் வருஷ லீவு, முதல் வருஷச் சம்பளம்.
"வருஷா வருஷம் புதுசா?" என்றேன்.
"இல்ல, ஏழு தடவதான்" என்று திருத்தினார்.

சேமநிதிக் கணக்கை விரித்தேன்.
பல் உதிர்ந்த சீப்பு.
சம்பளச் சீட்டில் பிடித்த காசு
கணக்குக்கு வரும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

நோய் கம்பெனி கொடுத்ததல்ல,
ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் கால் வீங்கத் தொடங்கிய அந்த வருஷம்
டாக்டர் அறை இருபது எட்டில் இருந்தது.
அதன் வாசலைத் தினமும் இரண்டு தரம் துடைத்தார்.
உள்ளே போய் உட்கார்ந்தால்
அரை நாள் கூலி வெட்டு.

நேற்று மதியம்
காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
மலிவான டெண்டரால் அவர் தலையில்
மாதம் இருநூறு வெள்ளி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம்.
பத்தொன்பது வருஷத்துக்கு
நாற்பத்தைந்தாயிரத்து அறுநூறு.
பிறகு இந்தப் பக்கம் எழுதினேன்:
மெஷின், ஊசி, உதவித்தொகை, ஆம்புலன்ஸ்.
இரண்டாவது வருஷம் பாதி தாண்டும் முன்பே
மிச்சம் தீர்ந்துவிட்டது.
அவருக்கு இன்னும் இருபது வருஷம் ஆயுசு
இருக்கட்டும் என்றுதான் வேண்டுகிறேன்.
தாளை மடித்தேன். சோறு ஆறியிருந்தது.

அந்தப் பணத்தைக் கட்டப்போவது
வரிசையில் இருக்கும் நாற்பத்திரண்டு,
நாற்பத்து மூன்று,
மண்ணெண்ணெய் வாசத்தோடு நிற்கும் லோரிக்காரர்,
நான்.
மஞ்சள் சட்டைக்காரன் இந்த வரிசையில் இல்லை.

ஏழாவது வரியில்
மருத்துவமனையின் பெயரையே எழுதினேன்.
மேலே இருப்பவர்கள் அடிக்கச் சொல்வார்கள்.
சொல்லட்டும்.

நாற்காலிகளுக்கடியில் ஈரத் துடைப்பம் வருகிறது.
ஆரஞ்சுச் சட்டை, சின்னப் பெண்.
யாரும் கேட்கும் முன்பே சிவபாக்கியம்
வீங்கிய கால்களைத் தூக்கிக்கொள்கிறார்.
"எந்தக் கம்பெனிம்மா நீ?"

அவள் நின்று,
சட்டைத் துணியை இழுத்துப் பிடித்து,
மார்பில் இருக்கும் எழுத்துகளைத்
தலைகீழாய்
ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கிறாள்.