கேட் போட்ட நேரம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் ஓரம்
மருந்துக்கடையில் நிற்கிறேன்.
மூக்கு ஒழுகி வருகிறவர்களிடம்
எப்போதிலிருந்து என்று கேட்டால்
திங்களா செவ்வாயா, தெரியாது.
கடைமடைக்குத் தண்ணீர் வருவதுபோல்
ஊறி ஊறி வந்திருக்கும் சளி.
தும்மிக்கொண்டே பேரம் பேசுவார்கள்.

சம்மனசு பேரம் பேசவில்லை.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்.
"கேட் போட்டப்ப நல்லாத்தான் நின்னேன்.
சரக்கு வண்டி போயித் தெறக்கிறதுக்குள்ள
மூட்டு மூட்டாக் கழண்டுபோச்சு."
மூக்கில் ஒரு சொட்டு இல்லை.
நீட்டிய நூறு ரூபாய்
நோட்டே சுட்டது.

வழக்கமான அட்டையை எடுத்தேன்,
திரும்ப வைத்தேன்.
ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.

ஆஸ்பத்திரி
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
மணி அடிக்கத் தொடங்கியது.
கேட்
மெல்ல இறங்குகிறது.