பிறக்காத கன்றுகள்

பீல் நகரில், ரயிலடிக்குப் பின்னால்
சைக்கிள் கடையின் மேல்மாடியில்
எங்கள் சங்கத்துக்கு ஓர் அலுமாரி.
அலுமாரிக்குள் ஒரு சாம்பல் கோப்பு.
அதன் முதுகில் என் கையெழுத்து:
ஜெர்மனில் ஒப்பந்தங்கள், கீழே பிரெஞ்சில் அதுவே.
தமிழுக்கும் இடம் இருந்தது. எழுதவில்லை.

நாங்கள் செய்வது சின்ன நிரல்.
ஏரி எத்தனை சென்றிமீற்றர் ஏறியது,
மதகை எப்போது திறக்கலாம் என்று
கணக்குப் பார்த்துச் சொல்லும்.
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம்
என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறோம்.
திருத்தியவருக்கு மட்டும் ஒரு படிவம் போகும்,
ஆறு பக்கம்:
முதற்பெயர், குடும்பப்பெயர், வீட்டு விலாசம்,
முதலாளியின் ஒப்பம், நீல மையில்.
இன்றுள்ளதும் இனி வருவதுமான
சகல உரிமைகளும் சங்கத்துக்கே.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
நாங்கள் பல்லைப் பார்த்தோம்
குளம்பைப் பார்த்தோம்
இன்னும் பிறக்காத கன்றுகளையும் எழுதி வாங்கினோம்.
பதினொரு வருடம்
துளையிட்டு, தேதி குத்தி, அகரவரிசையில் அடுக்கியவள் நான்.
அவர்களுடைய அகரம்.

தை மாதம் மூன்று வரி வந்தது.
அனுப்பியவள் ந. எழினி, மன்னார்குடி.
கோடைநேரம் தொடங்கும் இரவில்
இரண்டு மணிக்குப் பிறகு நேரே மூன்று மணி.
நடுவில் காணாமல் போகும் அந்த ஒரு மணியில்
ஏரிக்கு வந்த தண்ணீரை
எங்கள் நிரல் எண்ணுவதே இல்லை
என்று கண்டுபிடித்திருந்தாள்.
ஒன்பது வருடமாக எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

படிவம் அனுப்பினேன்.
குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.
திருப்பி அனுப்பினேன்.
'ந.' என்று எழுதினாள்.
ஓர் எழுத்து பெயராகாது என்றார் வழக்கறிஞர்.
தகப்பன் பெயரை நீட்டி எழுதினாள்,
அது கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை.
பிறகு அவளுடைய கம்பெனியின் ஒப்பம்.
பிறகு ஒன்றும் வரவில்லை.

பங்குனிக் கடைசி ஞாயிறு மதகு பிந்தித் திறந்தது.
பெரிய வெள்ளமில்லை.
நிடாவ் கரையில் ஒரு படகுக் கொட்டகை,
கணுக்காலளவு.

மே மாதப் பொதுக்கூட்டத்தில் பதினொரு பேர்.
படிவத்தை விடுவோம் என்றாள் மிரெய் ஷொப்பார்.
ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் ஒரு வரி போதும்:
இது நான் எழுதியது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு.
கீழே ஒரு பெயர்.
எந்தப் பெயர்?
அவர்கள் தங்களை அழைக்கும் பெயர்.
பொய் சொன்னால் என்று கேட்டார் ரேட்டோ கோஹர்.
ஆறு பக்கத்திலும் பொய் சொல்லலாம் ரேட்டோ,
நீல மையில்.

எட்டுக்கு இரண்டு.
கை தூக்காத ஒருத்தி நான்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

அன்றிரவு கோப்பில் என் தாளைத் தேடினேன்.
நாலாவது தாள்.
தமிழில் போட்ட ஒப்பம், அதன்மேல் ஒரு கோடு,
பக்கத்தில் அவர்கள் கேட்டபடி இன்னொன்று.
கோடும் நானே கிழித்ததுதான்.

எழினிக்கு எழுதினேன்:
படிவம் போய்விட்டது, ஒரு வரி போதும்,
'ந.' போதும்.
ஆனியில் எழுதினேன். ஆவணியில் எழுதினேன்.

அவளுடைய மூன்று வரியும் என் கடிதப்பெட்டியில் இருக்கிறது.
மனப்பாடம்.
தட்டினால் ஒரு நிமிடம்.
அடியில் அந்த ஒரு வரியைப் போடவேண்டும்,
இது நான் எழுதியது என்று.
ஆறு பக்கத்துக்கு அசையாத கை
அங்கே வந்து நிற்கிறது.

இன்று ஐப்பசி ஞாயிறு.
குளிர்நேரம் தொடங்குகிறது,
இரண்டு மணி இரண்டு தடவை வரும்.
விழித்திருந்து திரையைப் பார்க்கிறேன்.
வந்த தண்ணீரையே
நிரல் மறுபடியும் எண்ணிக்கொண்டிருக்கிறது.