காய்

கலர் சார்ட்டர் பூட்ட
நீடாமங்கலம் ரைஸ்மில்லுக்கு வந்தவன் பெயர் வெய்மிங்.
மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு வெயிலு.
பில் போடுகிற என்னிடம் ராவுத்தர் சொன்னார்:
அவன் இங்கிலீசைக் கொஞ்சம்
நம்ம இங்கிலீசா ஆக்கிக் குடும்மா.

அவன் கைவசம் ஒரே வினைச்சொல்.
ஓப்பன் லைட். ஓப்பன் ஃபேன். ஓப்பன் மெஷின்.
வேன் ஓட்டும் செல்லையனிடம்
‘யூ ஓப்பன் கார் வெரி ஃபாஸ்ட்’ என்றான்.
செல்லையன் இறங்கிப் போய்
டிக்கியைத் திறந்து காட்டினார்.

எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
கதவு, குடை, கண், பேங்க் கணக்கு
இதற்கெல்லாம் ஓப்பன்.
லைட்டுக்கு டர்ன் ஆன்.
காருக்கு டிரைவ்.
கூட்டம் என்றால் ஹோல்ட் பண்ண வேண்டும்.
கூட்டத்துக்குக் கைப்பிடி எங்கே இருக்கிறது
என்று கேட்டான்.
தெரியாது.
நானே பிளஸ் டூ வரை
‘புட் தி லைட்’ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள்.
எங்கள் ஊரில் லைட்டைப் போடுவார்கள்,
கீழே விழுந்து உடைந்ததில்லை.

ஒன்பதாம் நாள் மெஷின் முதல்முறையாக
கருப்பு அரிசியை மட்டும் ஊதித் தள்ளியது.
வெய்மிங் நெஞ்சில் கைவைத்து
‘டுடே ஐ ஆம் ஓப்பன் ஹார்ட்’ என்றான்.
ராவுத்தருக்குப் போன வருஷம்தான்
தஞ்சாவூரில் அந்த ஆபரேஷன்.
நாற்காலி போட்டோம். சட்டைப் பட்டனைக் கழற்றினோம்.
செல்லையன் பறந்தார்.
கோயில்வெண்ணி தாண்டிய பிறகுதான்
மொபைலில் தட்டிக் காட்டினான்.
தமிழில் வந்து நின்றது: மகிழ்ச்சி.

திரும்பி வருகையில் விளக்கினான்.
அவர்கள் பாஷையில் எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்,
கொஞ்சம் காற்றை ஊதிச் சொல்ல வேண்டும்: காய்.
கதவு காய். விளக்கு காய். பூ காய். வண்டி காய்.
கிண்டல் பண்ணுவதும் காய்தான்.
‘வாட்டர் ஆல்சோ’ என்றான்,
விரல்களைக் குமிழி குமிழியாக ஆட்டி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் அடுப்பிலும் தண்ணீர் காயத்தான் செய்கிறது
என்றேன். நம்பவில்லை.
ஆபீஸ் கெட்டிலை வைத்தோம்.
இரண்டு பேரும் அதன் முன்னால்
பரீட்சை ரிசல்டுக்கு நிற்பதுபோல் நின்றோம்.
கொதி வந்ததும்
ஒரே நேரத்தில் ஒரே சொல்.
திருத்த ஒன்றுமில்லை.
டீத்தூள்தான் தீர்ந்திருந்தது.

ஆனால் ஆறும் காய்ந்து கிடந்தது.
அதை அவனிடம் சொல்லவில்லை.
மணலில் டிராக்டர் தடம்,
யாரோ நட்டுவிட்டுப் போன மூன்று ஸ்டம்புகள்.

ஒரு சாயங்காலம் ராவுத்தர் போனை வைத்துவிட்டு
மேட்டூர்ல திறந்துட்டாங்க என்றார்.
‘தே ஓப்பன்டு தி வாட்டர்’
என்று மொழிபெயர்த்தேன்.
வெய்மிங் கெட்டிலைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
எவ்வளவு பெரிய கெட்டில் என்பதுபோல்
கைகளை விரித்தான்.

எட்டு நாள் கழித்து மூணாறு தலைப்பில் நின்றோம்.
ஷட்டர் முனகி ஏறியது.
முதலில் வந்தது நுரை,
பிறகு சருகு, ஒற்றைச் செருப்பு, குவார்ட்டர் பாட்டில்கள்,
அதற்குப் பின்னால்தான் தண்ணீர்,
காப்பி நிறத்தில், அவசரமே இல்லாமல்.
ஒரு கிழவர் குனிந்து கால் நனைத்துவிட்டு
சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பேப்பரில் இதற்கு ரிலீஸ் என்று போடுவார்கள்.
சினிமாவுக்கும் கைதிக்கும் அதே சொல்தான்.
சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

வெய்மிங் கம்பியைப் பிடித்துக்கொண்டு
சத்தமாகச் சொன்னான்:
‘ரிவர் காய்!’

அவன் பாஷையில் ஆறு திறந்துவிட்டது.
என் பாஷையில் அது நேற்றைய செய்தி.
சிவப்புப் பேனா பையில்தான் இருந்தது.
பையை நான் ஓப்பன் பண்ணவில்லை.