வாசனை வராதது

சனிக்கிழமை ஐந்துக்கு ஷட்டரை இறக்குவோம்.
நாலேமுக்காலுக்குத்தான் வருவார்.
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் மிஸ்டர் கவெண்டர்.
அவரும் கவுண்டர்தான்;
கப்பல் குமாஸ்தாவின் பேனா வடிகட்டியதில்
கவெண்டர் ஆனவர்.
நான் மூட்லி. முதலியாரில் மிஞ்சியது.

டோங்காட்டில் இந்தக் கடைக்கு நான் வந்த நாள் முதல்
பிராந்தி அரைப் புட்டி, வேறு பேச்சில்லை.
இன்று வெள்ளைப் புட்டிகள் முன்னால் நின்று
தலையைச் சொறிகிறார்.
"மோகாம்பரி, இதில் வாசனை வராதது எது?"

உம்லாங்கா ஓட்டலில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள்.
ஆளுக்கு ஆறு சின்ன கிளாஸ்.
விழுங்காதே, நாக்கில் புரட்டித் துப்பு என்றார்கள்.
புரட்டாசி மாதம். நான் புரட்டவும் இல்லை, துப்பவும் இல்லை.
மூக்கை மட்டும் கொடுத்தேன்.
வோட்காவுக்கு மணம் குணம் நிறம் எதுவும் கிடையாது
என்றார் டை கட்டியவர்.
எனக்கு இருந்தது.

ரை தானியத்தில் காய்ச்சியது
மிளகைப் பல்லால் உடைத்த மாதிரி சுருக்கென்றது.
கோதுமை, மாவு சலித்து முடித்த மேசை.
உருளைக்கிழங்கு கனம்,
மழையில் நனைந்த கோணிச்சாக்கை
யாரோ பக்கத்தில் வைத்ததுபோல.
சோளத்தில் ஒரு தித்திப்பு.
திராட்சையில் பூ, அது கேப் பக்கத்துச் சரக்கு.
பால் திரிந்த தெளிநீரில்கூட எடுக்கிறார்களாம்,
அந்த கிளாஸ் என் வரிசைக்கு வருமுன் தீர்ந்துவிட்டது.

எதுவானாலும் வழி ஒன்றுதான்.
புளிக்க விடு, காய்ச்சு, மறுபடி காய்ச்சு,
வந்த ஊர் மறக்கும்வரை காய்ச்சு,
கரியில் வடி,
தண்ணீர் விட்டு நாற்பத்து மூன்றுக்கு இறக்கு.
கடைசியில் இருப்பது அந்தத் தண்ணீர்தான் பாதிக்கு மேல்.

கரும்பில் எடுப்பதை இங்கே வோட்கா என்பதில்லை,
கேன் என்போம். அடித்தட்டில் இருக்கும்.
வயல் கொளுத்தும் நாளில்
வெள்ளைச் சட்டையில் கறுப்பாய் வந்து ஒட்டுமே,
அதே கரும்பு.

இவ்வளவும் சொன்னேன். அவர் கேட்கவில்லை.
மூடியைப் பார்க்கிறார், லேபிளைப் பார்க்கிறார்.
வாசனை வராதது கேட்பவர்கள்
எனக்குத் தெரிந்து பலர் உண்டு.
ஒரு பஸ் டிரைவர். ஒரு கணக்கு டீச்சர்.
கோயில் கமிட்டியில் இரண்டு பேர்.
ஊரடங்கில் கடை மூடிக்கிடந்தபோது
அன்னாசிப்பழத்தைப் புளிக்க வைத்தவர்கள் அத்தனைபேரும்
மாமியாருக்காக ஜாம் செய்வதாகத்தான் சொன்னார்கள்.
நான் காரணம் கேட்பதில்லை.

கேட்காமலே சொன்னார்.
"சாவுந்தலாவுக்கு நாலாவது கீமோ முடிந்தது.
பிராந்தி மூச்சுப் பட்டால் வாந்தி வருகிறது.
சோப்பை மாற்றினேன். வெங்காயம் தாளிப்பதில்லை.
ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்,
எனக்கு வெறுமனே உட்காரத் தெரியவில்லை."

ஆறு வடிகட்டல், வெள்ளிச் சல்லடை, பனிப்பாறைத் தண்ணீர்,
எல்லாப் புட்டியும் என்னைப் பார்த்தன.
சொன்னேன்:
"வாசனை புட்டியில் இல்லை, மிஸ்டர் கவெண்டர்.
உள்ளே போனபின் மூச்சில் வரும்.
அதற்கு எந்தப் புட்டியும் ஒன்றுதான்."

கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜின் சத்தம் கேட்டது.
"எலுமிச்சை மட்டும் அவளுக்கு ஒத்துக்கொள்கிறது" என்றார்,
யாரிடமோ சொல்வதுபோல.

எலுமிச்சை வோட்கா என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.
இந்த மாதம் அதற்குத்தான் எனக்குக் கமிஷன்.
கை போனது. பாதியில் நின்றது.
"பக்கத்துக் கடை காசிம் இன்னும் பூட்டவில்லை,
பழமாகவே கிடைக்கும், ஓடுங்கள்."

வெறுங்கையோடு அவர் போய்
நான் பார்த்ததே இல்லை.

ஷட்டரை இறக்கினேன்.
திங்கட்கிழமை வந்தாலும் வருவார்,
நாலு நாள் தாக்குப்பிடிக்கவும் கூடும்.
பிராந்தி அரைப் புட்டி ஒன்றை
கல்லாவுக்கு அடியில் எடுத்து வைத்தேன்,
கண்ணில் படாதபடி.