சத்தத்தின் வகை

நகராண்மைக் கழகத்தின் மூன்றாவது முகப்பில்
உட்கார்ந்திருக்கிறேன்.
சுங்கை கெலாடியில் யார் யாரைத் தூங்க விடவில்லை என்பது
பதினோரு வருடமாக எனக்குத்தான் முதலில் தெரியும்.

கோம்பாங் என்றால் சனிக்கிழமை, கல்யாணம்,
பக்கத்து வீட்டுக்கு அழைப்பு போகவில்லை.
உறுமி என்றால் சித்திரை; புகார் தருபவர்
போன வருடம் அதே உறுமிக்குச் சாமி வந்து ஆடியவர்.
சிங்க நடன முரசைப் பற்றி யாரும் எழுதித் தருவதில்லை,
கடைக்காரரிடம் எல்லோருக்கும் பாக்கி இருக்கிறது.
ஆற்றுக்கு அப்பால் மூங்கிலைத் தரையில் குத்திப்
பாடுகிறவர்களைப் பற்றி வந்தது ஒரே ஒரு கடிதம்:
"மூன்று நாளாகச் சத்தமே இல்லை, போய்ப் பாருங்கள்."
அதைப் பதியப் பாரத்தில் இடமில்லை.

ஏழாவது கட்டம். சத்தத்தின் வகை.
மலாய், சீனம், இந்தியம், மற்றவை.
ஒன்றில் மட்டும் டிக் போடவும்.

தீபாவளி முடிந்த வாரம் டாக்சி தனபாலன் வந்தார்.
"கொங்சி வீட்டுப் பையன்க, ஒம்பது பேரு,
ராத்திரி பத்து மணிக்கு என் கேட்டு முன்னால நின்னு
மத்தளம் அடிக்கிறானுங்க. போங்கடான்னேன்.
சிரிச்சானுங்க. இன்னும் ஓங்கி அடிச்சானுங்க.
ஒருத்தன் ஒரு வரி சொல்ல, மத்தவன்லாம்
ஒரே சொல்லத் திருப்பித் திருப்பி,
கடன் வசூலுக்கு வந்த மாதிரி."

எந்த வகை என்று கேட்டேன்.
பேனாவை எடுத்தார். வைத்தார்.
"நம்ம சத்தம் மாதிரிதான் இருந்திச்சு.
ஆனா நம்மது இல்ல."

எதிர்த்தரப்பையும் விசாரிக்க வேண்டும், அது விதி.
செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து
லோக் பகதூர் ஆலே வந்தார்,
கழுத்தில் துண்டு, கையில் பாஸ்போர்ட் நகல்.
மாதலைக் கொண்டுவரவில்லை,
பறித்துக்கொள்வோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என்ன பாடினீர்கள்?
நேப்பாளத்து மலாயில் விரல் மடக்கினார்.
இந்த வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்.
இந்த வீட்டு மாடு நிறையக் கறக்கட்டும்,
மாடு இல்லை, அதனால் டாக்சியின் டயர் தேயாமல் இருக்கட்டும்.
வீட்டுக்காரிக்கு மாரா ரெஸ்கி.
"மூரா" என்று திருத்தினேன்.
மூரா என்றால் தாராளம்.
மாரா என்றால் கோபம்.
"அதுவும் வந்தது" என்றார்.

தனபாலன் சிரிக்கவில்லை.
அவர் கூரை ஒழுகுவது கழகத்துக்கும் தெரியும்,
அது வேறு கோப்பு.

"இருவத்தெட்டு வீட்டு வரிசையில
என் வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தான், கேளுங்க."
கேட்டேன்.
லோக் பகதூருக்குக் கேள்வியே புரியவில்லை.
"விளக்கு எரிந்தது" என்றார்.
அந்த ராத்திரி விளக்கெரிகிற வாசலைப்
பாடாமல் தாண்டிப் போவதுதான்
அவர் ஊரில் புகாருக்குரிய விஷயமாம்.

தீபாவளி மறுநாள், மிச்ச எண்ணெயைக் கொட்ட மனமில்லாமல்
தனபாலனின் மனைவி கேட் தூணில் ஏற்றி வைத்த
இரண்டு அகல்.

புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா?
இல்லை. எழுதினது எழுதினதா இருக்கட்டும்.
கதவுவரை போனார். நின்றார்.
வழக்கமா என்ன குடுக்கணுமாம் என்று
என்னிடம் கேட்டார், பக்கத்தில் நின்றவரிடம் கேட்காமல்.
"அரிசி" என்றார் லோக் பகதூர், தமிழில்.
எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியாது.

மாலையில் கணினி கோப்பைத் திருப்பித் தள்ளியது:
ஏழாவது கட்டம் காலி.
மற்றவை என்பதை அழுத்தினேன்.
இருபது எழுத்துக்குள் விளக்கு என்றது.
மலாயில்தான் கேட்டது,
என் காதில் தமிழாக விழுந்தது.

பெலித்தா என்று அடித்தேன்.
ஆறே எழுத்து. ஏற்றுக்கொண்டது.