பார்வை மான்

இன்று எனக்குச் சீருடை இல்லை.
ஆரஞ்சு ஸ்வெட்டர், ஜீன்ஸ்,
காலில் தங்கையின் பழைய மழைக்காலணி.
சம்பளம், சாலையைக் கடப்பதற்கு.
கொலம்பியா ஆறு கடலைத் தொடும் இந்த ஊரில்
மீன் டப்பா ஆலை இருந்த முனையில்
காலை ஒன்பதிலிருந்து
இக்கரைக்கும் அக்கரைக்கும்
நடந்துகொண்டே இருக்கிறேன்.
அக்கரையில் எனக்கு ஒரு வேலையுமில்லை.

நூற்றைம்பது அடி தள்ளி ஒரு ரப்பர் கூம்பு.
அதைத் தாண்டுமுன் என்னைக் கண்டவருக்கு
நிற்க நேரமிருக்கிறது என்று
யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்:
இருபத்தைந்து மைல் வேகம், ஈரத் தார், சராசரி மனிதன்.
சராசரி மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது.
முழு ஆளும் இறங்க வேண்டியதில்லை.
உடம்பில் ஏதாவது ஒரு பாகம்,
கைத்தடியின் நுனி,
சக்கர நாற்காலியின் முன்சக்கரம்
சாலையைத் தொட்டால் போதும்,
கடக்கும் எண்ணத்தோடு.
யானை வரும் பின்னே
கட்டைவிரல் வரும் முன்னே.
எண்ணத்தை எப்படி அளப்பது என்று
பயிற்சி வகுப்பில் கேட்டேன்.
சார்ஜென்ட் நீமி தொண்டையைச் செருமிக்கொண்டு
அடுத்த படத்துக்குப் போனார்.

முதல் ஒரு மணி நேரத்தில் பதினேழு பேர்.
திருப்பத்தில் அவர்களை ஓரங்கட்டும் டெவ்லின்
சமாதானங்களை வாக்கி டாக்கியில் வாசிக்கிறான்.
கோடு அழிந்திருக்கிறது என்றாராம் ஒரு பல் மருத்துவர்.
(அழிந்துதான் இருக்கிறது.)
நின்றால் பின்னால் வருபவன் இடித்துவிடுவான் என்றாராம் ஒருவர்.
பின்னால் யாருமில்லை.
ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல் அழுதாளாம்.
அதை ஏன் வாசிக்கிறாய் என்றேன்.

பிறகு ஒரு பால் லாரி நின்றது.
ஓட்டுநர் கையசைத்தார்,
நீ போம்மா, அவசரமில்லை என்பதுபோல.
அந்த நல்ல மனசு பத்தடி உயரம்.
அதற்கு அந்தப்புறம் என்ன வருகிறதென்று
எனக்குத் தெரியவில்லை.
அடுத்த தடத்தில் வருபவருக்கு நான் தெரியமாட்டேன்.
பம்பர் ஓரத்தில் நின்று
தலையை மட்டும் நீட்டினேன், ஆமைபோல.
சாம்பல் நிறக் கார்.
ஸ்வெட்டரின் கை ஒரு கணம் அதோடு போய்த்
திரும்பி வந்தது.

பால்காரரின் முகம் வெளுத்துவிட்டது.
அவருக்கு எழுதிக் கொடுக்க
எங்களிடம் எந்தச் சீட்டும் இல்லை.

பதினொன்றரைக்கு
சரிவுத் தோட்டங்களிலிருந்து இறங்கி
ஒரு பெண்மான் வந்தது.
கூம்பை முகர்ந்தது. கோட்டைப் பார்க்கவில்லை.
கோட்டுக்கு நாலடி தள்ளி
எந்த எண்ணத்தையும் முகத்தில் காட்டாமல்
ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக்
கடந்தது.

இருபுறமும் வண்டிகள் நின்றன.
மரம் ஏற்றிய லாரி, அஞ்சல் வேன்,
சீட்டு வாங்கிப் போன அதே பல் மருத்துவர்.
ஒரு ஹாரன் இல்லை.
கண்ணாடிகள் இறங்கின, செல்போன்கள் எழுந்தன.
மான் புதருக்குள் மறைந்த பிறகும்
யாருக்கும் முதலில் கிளம்ப மனம் வரவில்லை.
நானும் நடக்க மறந்து நின்றேன்.

பழக்கிய மானைக் காட்டித்தான்
வேடர்கள் காட்டு மானைப் பிடிப்பார்களாம்.
பழக்கிய அந்த மானுக்குப் பார்வை என்று பெயர்.
அங்கே, பார்த்தவை அகப்படும்.
இங்கே, பார்க்காதவர்கள்.

மூன்று மணிக்குக் கூம்புகளை அடுக்கினோம்.
நூற்றுப் பன்னிரண்டு தடவை என்றது குறிப்பேடு.
இரட்டைப்படை. அதனால்
கிளம்பிய கரையிலேயே நிற்கிறேன்.
டெவ்லின் போன பிறகுதான் நினைவு வந்தது
வீட்டில் ரொட்டி இல்லை.
ரொட்டிக்கடை அக்கரையில்.

மழை பிடித்துக்கொண்டது.
கூம்பு இல்லை, கணக்கு இல்லை,
திருப்பத்தில் எவரும் இல்லை.
முகப்பு விளக்குகள் இரண்டு இரண்டாக வருகின்றன.
தங்கையின் காலணி நுனியைச்
சாலையில் வைத்தேன்,
எண்ணத்தோடு.