பனி துடைத்த விரல்

மூன்று நாளாக ஒரே புகார்.
"எடை போட்டுட்டே இருக்கேன் மேடம், ஆப் வெளிய தள்ளிடுது.
திரும்ப உள்ள வந்தா தேதியிலேர்ந்து கேக்குது."
பேசியது சகாயராணி.
நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் எடைக் கணக்கு.

அஸ்தம்பட்டியில் டயர்க் கடைக்கு மேல்மாடி,
ஃபேன் அனலை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைக்கும் அறை.
அறுபது முறை பேக் அமுக்கிப் பார்த்தேன்.
எடையிலிருந்து பின்னால் போனால் ஆள் பெயர்.
பெயரிலிருந்து பின்னால் போனால் பிளாக் எண்.
அதற்கும் பின்னால் முகப்பு.
முகப்பிலும் அமுக்கினால் வெளியே.
கழுவி அடுக்கிய தட்டுகள் மாதிரி,
மேலே இருப்பது முதலில் வரும்.
பிசகில்லை.

தீர்த்தகிரி சொன்னான்:
"அந்தம்மா எதையோ தப்பா அமுக்குது.
'வெளியேற விரும்புகிறீர்களா'ன்னு ஒரு பெட்டி போட்டு விடு."
போட்டேன்.
மறுநாள் போன்:
"இப்ப கேள்வி வேற கேக்குது மேடம்."

புதன்கிழமை மலை ஏறினேன்.
வளைவுக்கு வளைவு எண் எழுதியிருந்தது.
பதினான்காவதில் பக்கத்து சீட்டுப் பையன் வாந்தி எடுத்தான்.
அவன் அம்மா என் மடியிலிருந்த டெஸ்டிங் ரிப்போர்ட்டை
கேட்காமலே உருவிக்கொண்டாள்.
அந்த ரிப்போர்ட் எதற்காவது பயன்பட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் நாலுக்கு மேல்தான் எடை.
சில்வர் ஓக் மரங்களுக்குள்ளிருந்து பனி இறங்கி
கொட்டகைக்குள் வந்து வரிசையில் நின்றது.
சாக்கு சாக்காகச் சிவப்புப் பழம்.
காராயி, நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
சகாயராணி நான்கை அடித்தாள், ஒன்றை அடித்தாள்,
திரையில் ஆவி படிந்தது.
கட்டைவிரலால்
ஓரத்திலிருந்து நடுவுக்கு
ஒரு இழுப்பு.

துடைத்தாள்.
அவ்வளவுதான்.

போன் அதைப் பின்னால் போகச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.
எடை போய்ப் பெயர் வந்தது.
பனிக்குள் அவளுக்கு எது என்று தெரியவில்லை,
மறுபடி துடைத்தாள்.
பெயர் போய் பிளாக்,
பிளாக் போய் முகப்பு.
நான்காவது துடைப்பில் என்னுடைய கேள்வி வந்து நின்றது.
அதன் மேலும் ஆவி.
அதையும் துடைத்தாள்.
கேள்வி போயிற்று, பதில் கேட்காமலே.

"என் நாப்பத்தொண்ணு எங்கடி?" என்றாள் காராயி.
கிலோவுக்குத்தான் கூலி.
சகாயராணி இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.
நீலப் பேனாவில் 41.6,
அதற்கு மேலே 38, அதற்கும் மேலே அழிந்த ஏதோ ஒன்று.
மூன்று நாளாக என் ஆப்பின் நினைவு
அந்தக் கையில்தான் இருந்திருக்கிறது.

சேலத்தில் எங்கள் திரைகளுக்கு வியர்வை தெரியும்.
பனி தெரியாது.

"போகவா வேணாமான்னு எப்படிக் கேட்டா
உங்களுக்குச் சுலபமா இருக்கும்?"
"கேக்கவே வேணாம் மேடம்.
உலை வெச்சுட்டு வாசலுக்குப் போனா
அடுப்பு 'போறியா'ன்னு கேக்குதா?
நான் எங்க போயிட்டு வந்தாலும்
போட்டது போட்டபடி இருக்கட்டும்."

கொட்டகையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன்,
பழச் சாக்கின் மேல் வைத்து.
பெட்டியை எடுத்தேன்.
ஒவ்வொரு எண்ணையும் அடித்த நொடியே எழுதி வைக்கச் சொன்னேன்.
ஓரத்து இழுப்பைக் கவனிக்காதே என்றும் சொன்னேன்.
இருநூறு புள்ளி உயரத்துக்குத்தான் அந்தச் சலுகை,
அதற்கு மேலும் கீழும் போன் தன் பிடியை விடுவதில்லை.
அவள் விரல் அந்த இருநூறுக்குள் நிற்குமா, தெரியாது.
பழம் கசிந்து கீபோர்டில் எம் எழுத்து ஒட்டிக்கொண்டது,
இன்றும் சற்று இனிப்பாகத்தான் அமுங்குகிறது.

கடைசி பஸ்.
முன்கண்ணாடி முழுக்க வெள்ளை.
எந்த வளைவு என்று பலகை தெரியவில்லை.
டிரைவர் அழுக்குத் துண்டை எடுத்து
ஓரத்திலிருந்து நடுவுக்கு
ஒரே இழுப்பாகத் துடைத்தார்.
எனக்கு ஒரு கணம் திக்கென்றது.
பஸ் முன்னால்தான் போனது.